5000 ரூபாய்க்குள்ள முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: ஏமாறாம வாங்குறது எப்படி

என்னோட முதல் மெக்கானிக்கல் கீபோர்டுல எட்டாவது மாசம் ‘ன’ கெட்டுப்போச்சு. கெட்டுப்போச்சுன்னா அடிக்கவே இல்லைன்னு இல்ல, ஒரு தடவை தட்டினா ரெண்டு விழும். நான் தமிழ்99ங்கிற தமிழ் கீபோர்டு லேஅவுட்ல டைப் பண்றவன், அதுல ஒரே உயிர்மெய்யை அடுத்தடுத்து ரெண்டு தடவை அடிச்சா முதல்ல இருக்கிறதுக்கு தானா புள்ளி விழுந்துடும், அதனால ‘என’ன்னு அடிச்சா ‘என்ன’ன்னு வந்து நிக்கும், ‘தினக்கூலி’ன்னு அடிச்சா ‘தின்னக்கூலி’. நாற்பது பக்க மொழிபெயர்ப்பு ஒண்ணை அப்படியே அனுப்பிட்டு, வேலை கொடுத்தவங்க போன் பண்ணி “சார், தின்னக்கூலின்னா என்ன சார்”னு கேட்டப்போதான் எனக்கே உறைச்சது.

சரி, ஒரு சுவிட்ச்தானே, மாத்திக்கலாம்னு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு தூக்கிட்டுப் போனேன். பின்னாடி கழட்டிப் பார்த்த பையன் “அண்ணா, எல்லாம் சால்டரிங்ணா, எடுத்தா போர்டு தாங்குமான்னு தெரியல”ன்னான். பரவால்ல எடுப்பான்னேன். எடுத்தான், கூடவே போர்டுல இருந்த செம்புப் பட்டையும் பிஞ்சு வந்துடுச்சு. அவனைக் குத்தம் சொல்ல முடியாது, முன்னாடியே சொல்லிட்டான். 2300 ரூபாய் அவ்ளோதான்.

அந்த கீபோர்டு வாங்கினப்போ நான் பார்த்தது எல்லாம் என்ன கலர் லைட் எரியுது, எத்தனை மோடுல எரியுதுங்கிறதைத்தான். அன்னைக்கு யாராவது ஒரே ஒரு விஷயத்தை சொல்லியிருந்தா போதும்: கையில காசு கம்மின்னா, வாங்கினதுக்கு அப்புறம் மாத்தவே முடியாத விஷயங்களுக்கு அந்தக் காசைப் போடு, பின்னாடி மாத்திக்கக்கூடியதை பின்னாடி பார்த்துக்கலாம். சைஸ், லேஅவுட், ஹாட் ஸ்வாப் (சுவிட்சை சால்டர் இல்லாம கழட்டி மாட்டுற வசதி) இருக்கா இல்லையா, வயரா ப்ளூடூத்தா, இதெல்லாம் மாத்த முடியாதது. சுவிட்ச், கீகேப் (கீ மேல இருக்கிற எழுத்து போட்ட மூடி), சத்தம், இதெல்லாம் மாத்தக்கூடியது. கீழ சொல்றது எல்லாமே இந்தக் கணக்குலதான் வரும்.

ஸ்டெப் 1: அது நிஜமாவே மெக்கானிக்கல்தானான்னு பாருங்க

சிரிக்காதீங்க, இங்கதான் பாதிப் பேர் விழுறாங்க. ஆன்லைன்ல “மெக்கானிக்கல்”னு தேடினா 700, 900 ரூபாய்க்கு வரிசையா வரும், உள்ள போய் படிச்சா “மெக்கானிக்கல் ஃபீல்”, “மெம்கானிக்கல்”, “செமி மெக்கானிக்கல்”னு எழுதியிருக்கும். இது எல்லாமே சாதா ரப்பர் கீபோர்டுதான். உள்ள ஒரே ஒரு ரப்பர் ஷீட், அதுல கும்மாச்சி மாதிரி குட்டி குட்டி மேடு, அமுக்கினா மேடு மடங்கி கீழ இருக்கிற பிளாஸ்டிக் தாள்ல தொடும். மெக்கானிக்கல்ல அப்படி இல்ல, ஒவ்வொரு கீக்கும் அடியில தனித்தனியா ஒரு சுவிட்ச், அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு தண்டு, ரெண்டு உலோகத் தகடு. ஒண்ணு போனா அது மட்டும்தான் போகும்.

கண்டுபிடிக்கிறது எப்படின்னா, விவரத்துல சுவிட்சோட பேர் இருக்கணும். அவுடெமு ரெட், கேட்டரான் யெல்லோ, கைல் ப்ரௌன், ஹுவானோ ப்ளூன்னு ஏதாவது ஒரு கம்பெனி பேரும் கலரும். அது எங்கயும் இல்லைன்னா தாண்டிப் போயிடுங்க. கடையில நேர்ல பார்க்கிறீங்கன்னா ஒரு கீகேப்பை கழட்டிக் காட்டச் சொல்லுங்க. கூட்டல் குறி மாதிரி தண்டு இருக்கேன்னு மட்டும் நம்பிடாதீங்க, ரப்பர் போர்டுலயும் இப்போ அதே தண்டை வைக்கிறாங்க. தண்டைச் சுத்தி தனியா ஒரு சதுர டப்பா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. கீபோர்டோட பாடிலயே துளை போட்டு அதுக்குள்ள தண்டு போகுதுன்னா அது ரப்பர்.

ஸ்டெப் 2: உங்க கை என்ன வேலை பார்க்குதுன்னு யோசிச்சு சைஸை முடிவு பண்ணுங்க

இது மாத்தவே முடியாத விஷயம், அதனால கொஞ்சம் நிதானமா.

முழு சைஸ்னா 104 கீ, வலது பக்கம் நம்பர் பேட் இருக்கும். அந்த நம்பர் பேடை வெட்டி எடுத்தா 87 கீ, அதை டிகேஎல்னு சொல்வாங்க. இன்னும் நெருக்கி, ஆனா மேல இருக்கிற எஃப்1, எஃப்2 வரிசையும் ஆரோ கீயும் வச்சுக்கிட்டா 75 சதவீதம், சுமார் 80லருந்து 84 கீ. எஃப் வரிசையும் போனா 65 சதவீதம், 68 கீ வாக்குல. ஆரோ கீயும் போச்சுன்னா 60 சதவீதம், 61 கீ.

டேலி, எக்ஸெல், பில்லிங், ஜிஎஸ்டி ஃபைலிங்னு நாள் பூரா நம்பர் அடிக்கிறவங்க யோசிக்கவே வேணாம், 104 கீ. “தனியா ஒரு நம்பர் பேட் வாங்கிக்கலாமே”ன்னு சொல்வாங்க, கேக்காதீங்க, அது ரெட்டைச் செலவு. கேம் அதிகம் ஆடுறவங்களுக்கு 87 இல்லன்னா 75 சரியா வரும், மவுஸ் நகர்த்த இடம் கிடைக்கும். கோட் எழுதுறவங்களுக்கும் 75தான் என்னோட ஓட்டு, ஏன்னா எஃப் கீ, ஹோம், எண்ட் எல்லாம் எப்படியும் வேணும்.

60 சதவீதம் பார்க்க அழகா இருக்கும், விலையும் கம்மியா இருக்கும், முதல் கீபோர்டா மட்டும் வேணாம். ஒரு எழுத்தைத் திருத்த பின்னாடி போகணும்னா கூட எஃப்என் கீயை அமுக்கிக்கிட்டே இன்னொரு கீயைத் தேடணும். ஒரு வாரத்துல பழகிடும்னு எல்லாரும் சொல்வாங்க. நான் எட்டு மாசம் வச்சிருந்தேன், பழகல.

தமிழ்99ல அடிக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு சொல்லணும், ஏன்னா இதை எந்த ரிவ்யூலயும் சொல்ல மாட்டாங்க. இங்கிலீஷ்காரனுக்கு சதுர அடைப்பு, செமிகோலன், மேற்கோள், ஸ்லாஷ் எல்லாம் எப்பவாவது அடிக்கிற குறி. நமக்கு அப்படியா? சதுர அடைப்பு ரெண்டும் ‘ச’வும் ‘ஞ’வும், செமிகோலன் ‘ந’, மேற்கோள் ‘ய’, ஸ்லாஷ் ‘ழ’. சில 61 கீ போர்டுல இடம் பத்தலைன்னு அந்த ஸ்லாஷ் கீயையே மேல் ஆரோவா மாத்துற ஒரு மோடு வச்சிருப்பாங்க, ஏதோ ரெண்டு கீயை சேர்த்து அமுக்கி தெரியாம அது ஆன் ஆயிடுச்சுன்னா ‘தமிழ்’ங்கிற வார்த்தையே அடிக்க வராது, கர்சர் மேல ஓடும். அதனால போட்டோவைப் பெருசு பண்ணி, என்டர் கீக்கு இடது பக்கம் இருக்கிற இந்த அஞ்சு கீயும் முழு சைஸ்ல, அதது இடத்துல இருக்கான்னு பாருங்க. என்டர் கீயும் படுத்த மாதிரி நீளமா இருக்கிறதா பாருங்க. எல்னு திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிற ஐரோப்பா மாடல் சில சமயம் விலை குறைச்சு வரும், ஆசைப்பட்டு வாங்கிட்டா பின்னாடி அதுக்கு கீகேப் செட் கிடைக்கிறது பெரும்பாடு.

இன்னொண்ணு, கீழ் வரிசை. ஸ்பேஸ் பார் சாதாரணமா ஒரு கீயோட ஆறேகால் மடங்கு நீளம் இருக்கணும். அது குட்டையா இருந்தாலோ, கன்ட்ரோல் ஆல்ட் எல்லாம் ஏடாகூடமான அளவுல இருந்தாலோ, பின்னாடி வாங்குற கீகேப் எதுவும் பொருந்தாது.

ஸ்டெப் 3: ஹாட் ஸ்வாப். இதுல மட்டும் சமரசம் வேணாம்

ஹாட் ஸ்வாப்னா சுவிட்சை சால்டர் பண்ணாம, ப்ளக் மாதிரி சொருகி வச்சிருப்பாங்க. கூட வர்ற கொறடு மாதிரி ஒண்ணால கவ்வி இழுத்தா சுவிட்ச் கையோட வந்துடும், புதுசை சொருகினா முடிஞ்சது. என்னோட ‘ன’ கதை நடந்தது ஹாட் ஸ்வாப் போர்டுலன்னா, முப்பது ரூபாய் கூட ஆகியிருக்காது.

பட்ஜெட்காரங்களுக்கு இதுல இன்னொரு லாபமும் இருக்கு. முதல் தடவை வாங்குறப்போ உங்களுக்கு எந்த சுவிட்ச் பிடிக்கும்னு உங்களுக்கே தெரியாது, தெரியவும் முடியாது, யூட்யூப்ல சத்தம் கேட்டு முடிவு பண்றது ஹோட்டல் போர்டைப் பார்த்து சாம்பார் ருசி சொல்ற மாதிரி. ஹாட் ஸ்வாப் இருந்தா தப்பா எடுத்துட்டாலும் சுவிட்சை மட்டும் மாத்திக்கலாம், போர்டு தப்பிச்சுடும்.

வாங்கும்போது ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, சில போர்டுல 3 பின் சுவிட்ச் மட்டும்தான் போகும், சிலதுல 5 பின்னும் போகும். 5 பின்ல கூடுதலா இருக்கிற ரெண்டும் வெறும் பிளாஸ்டிக் கால்தான், நகவெட்டியால வெட்டி விட்டா 3 பின் போர்டுலயும் உட்காரும், அதனால இதுக்கு ரொம்ப அலட்டிக்க வேணாம். ரெண்டாவதுதான் முக்கியம்: விலை கம்மியா இருக்கிற சில போர்டுல “ஹாட் ஸ்வாப்”னு பெருசா போட்டிருப்பாங்க, ஆனா அதுல அவுடெமு சுவிட்ச் மட்டும்தான் போகும், ஏன்னா அவுடெமுவோட பின் மெல்லிசு, துளையும் அதுக்கேத்த மாதிரி இறுக்கமா வச்சிருப்பாங்க. கேட்டரான், செர்ரி மாதிரி வேற கம்பெனி சுவிட்சைத் திணிச்சா பின் மடங்கும், இல்ல சாக்கெட் போகும். ப்ராடக்ட் பேஜ்ல கேள்வி பதில் பகுதி இருக்கும்ல, அங்க “இதுல கேட்டரான் சுவிட்ச் பொருந்துமா”ன்னு நேராவே கேட்டுடுங்க. வாங்கினவங்க யாராவது பதில் சொல்வாங்க.

இன்னொரு பொறி: ஒரே மாடல் பேர்ல ஹாட் ஸ்வாப் உள்ளது ஒண்ணு, இல்லாதது ஒண்ணுன்னு ரெண்டும் வித்துக்கிட்டிருப்பாங்க. ராயல் க்லட்ஜ் ஆர்கே61 அப்படித்தான், கீக்ரான் சி3 ப்ரோவும் அப்படித்தான். ரிவ்யூல பார்த்தது ஒண்ணு, வீட்டுக்கு வந்தது வேறன்னு ஆகிடும், தலைப்புலயே ஹாட் ஸ்வாப்னு இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 4: சுவிட்ச்

இது மாத்தக்கூடிய விஷயம்னு சொன்னாலும் முதல் தடவையே ஓரளவு சரியா எடுத்தா நல்லது.

ஜெர்மனியில செர்ரின்னு ஒரு கம்பெனி, எண்பதுகள்ல எம்எக்ஸ்னு ஒரு சுவிட்சைக் கொண்டு வந்தாங்க, இன்னைக்கு நாம பேசுற ரெட், ப்ளூ, ப்ரௌன்ங்கிற கலர் கணக்கு எல்லாம் அங்க இருந்து வந்ததுதான். 2014 வாக்குல அவங்க பேட்டன்ட் முடிஞ்சதும் சீனாவுல கேட்டரான், கைல், அவுடெமுன்னு ஆளாளுக்கு அதே வடிவத்துல போட ஆரம்பிச்சாங்க. நாம 3000 ரூபாய்க்கு மெக்கானிக்கல் கீபோர்டு பத்தி பேசிட்டிருக்கோம்னா அதனாலதான். காப்பின்னு முகம் சுளிக்க வேணாம், கேட்டரான் யெல்லோ மாதிரி சிலது வழவழப்புல செர்ரி ரெட்டை விட நல்லாவே இருக்கும், இது என் அபிப்பிராயம்.

மூணு வகை இருக்கு. லீனியர்னா அமுக்கினா தங்கு தடையில்லாம நேரா கீழ போகும், ரெட், யெல்லோ, பிளாக் எல்லாம் இது. டாக்டைல்னா பாதி வழியில விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும், ப்ரௌன் இது. க்ளிக்கின்னா மேடும் இருக்கும், கூடவே “டிக்”னு சத்தமும் வரும், ப்ளூ இது.

எவ்ளோ அழுத்தம் வேணும்ங்கிறதை கிராம்ல போட்டிருப்பாங்க, செர்ரி ரெட்டுக்கு 45, ப்ரௌனுக்கு 55, ப்ளூவுக்கு 60. படிச்சா ஒண்ணும் புரியாது. வீட்டுலயே ஒரு வழி இருக்கு: கடைக்காரர் வாங்க மாட்டேன்னு திருப்பிக் கொடுத்த பத்து ரூபா காயின் எல்லார் வீட்டுலயும் நாலஞ்சு கிடக்கும்ல, ஒண்ணு 7.71 கிராம். ஆறு காயினை அடுக்கினா 46 கிராம், அதாவது ரெட். எட்டு அடுக்கினா 61 கிராம் சொச்சம், ப்ளூ. இப்போ உங்க கிட்ட இருக்கிற பழைய கீபோர்டுல ஒரு கீ மேல இந்தக் காயினை ஒண்ணு ஒண்ணா அடுக்கிட்டே வாங்க, எத்தனாவது காயின்ல கீ கீழ இறங்குதுன்னு பாருங்க. என்னோட ஆபீஸ் ரப்பர் கீபோர்டு எட்டாவதுல இறங்குச்சு. அந்தக் கைக்கு திடீர்னு ரெட் கொடுத்தா, விரலை சும்மா வச்சாலே எழுத்து விழும், முதல் பத்து நாள் கண்ட இடத்துல ‘ப’வும் ‘ம’வும் விழுந்துக்கிட்டே இருக்கும். பழகிடும். ஆனா விரலை கீ மேல ஓய்வா போட்டு வைக்கிற பழக்கம் இருந்தா 50 கிராம் யெல்லோ இல்லன்னா ப்ரௌன் எடுங்க.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல “ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்”னு தட்டித் தட்டி லோயர், ஹையர் முடிச்சவங்க ஒரு தனி ஜாதி. அவங்க கைக்கு ப்ளூதான் சொர்க்கம். அந்த சத்தத்தை நீங்க ஏற்கெனவே கேட்டிருப்பீங்க, மெடிக்கல் ஷாப் பில்லிங் கவுன்ட்டர்லயும் ஜெராக்ஸ் கடை டிடிபி டேபிள்லயும் “டிக்டிக்டிக்”னு ஒரு வெளுத்துப்போன கீபோர்டு கேட்கும்ல, பெரும்பாலும் அது டிவிஎஸ் கோல்டு. நம்ம சென்னை கம்பெனியோடது, முன்னாடி அதுல அசல் செர்ரி எம்எக்ஸ் ப்ளூவே போட்டு வந்துச்சு, பிறகு வேற சுவிட்சுக்கு மாறிட்டாங்க. மெக்கானிக்கல் கீபோர்டு கேமர் பசங்க சமாச்சாரம்னு நெனைக்கிறவங்க அந்த பில்லிங் கவுன்ட்டரைப் பார்க்கணும், லைட்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, பத்து வருஷமா அடி வாங்கிட்டிருக்கும்.

ஆனா ப்ளூ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்க ராத்திரி எத்தனை மணிக்கு டைப் பண்றீங்க, அந்த ரூம்ல வேற யார் தூங்குறாங்க? கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் ஹாஸ்டல் ரூமுக்கும் ப்ளூ ஆகாது. மீட்டிங்ல மைக் ஆன் பண்ணி டைப் பண்ணா எதிர்ல இருக்கிறவங்களுக்கு வடை சுடுற சத்தம் கேட்கும். சத்தமே கூடாதுன்னா சைலன்ட் சுவிட்சுன்னே தனியா இருக்கு, அவுடெமுலயே சைலன்ட் பீச், சைலன்ட் லெமன்னு விலை கம்மியா வருது, உள்ள குட்டி ரப்பர் வச்சிருப்பாங்க, கொஞ்சம் மொத்துன்னு இருக்கும், ஆனா ரப்பர் கீபோர்டை விட சத்தம் கம்மி.

எதுவும் முடிவு பண்ண முடியலையா, யெல்லோ இல்லன்னா ரெட் எடுத்துட்டு நிம்மதியா இருங்க. ப்ரௌன் “ரெண்டுக்கும் நடுவுல”ன்னு சொல்லி விப்பாங்க, விலை கம்மி போர்டுல வர்ற ப்ரௌன்ல அந்த மேடு இருக்கா இல்லையான்னே தெரியாது, மணல் மாதிரி நெருடும்.

ஸ்டெப் 5: எதுக்கு காசு கொடுக்கக் கூடாது

ஆர்ஜிபி, அதாவது கலர் கலரா மாறுற லைட். பதினெட்டு மோடு, இருபது மோடுன்னு போட்டிருப்பாங்க, ரெண்டாவது வாரம் ஒரே கலர்ல நிறுத்தி வச்சிடுவீங்க. ஒத்தைக் கலர் பேக்லைட் இருந்தா போதும். கரன்ட் போனா யுபிஎஸ்ல ஓடுறப்போ இருட்டுல எழுத்து தெரியும், அந்த அளவுக்கு பிரயோஜனம்.

50 மில்லியன் தடவை தாங்கும்ங்கிற கணக்கு. எல்லா கம்பெனியும்தான் போடுது, என்னோட ‘ன’ மேலயும் அப்படித்தான் எழுதியிருந்துச்சு.

ப்ளூடூத். வேணும்னா வேணும், டேப்லெட், லேப்டாப், போன்னு மாத்தி மாத்தி அடிக்கிறவங்களுக்கு அது வசதிதான். மத்தபடி ஒரே டேபிள், ஒரே கம்ப்யூட்டர்னா வயர்டே எடுங்க, அதே விலைக்கு வயர்டுல ஒரு படி மேல உள்ள போர்டு கிடைக்கும், பேட்டரி ஊதிக்கும்ங்கிற கவலையும் இல்ல. வயர் மட்டும் கழட்டி மாட்டுற மாதிரி டைப் சியா இருக்கணும். எலி கடிச்சா வேற வயர் போட்டுக்கலாம், நான் விளையாட்டுக்கு சொல்லல.

கீகேப்புல ஏபிஎஸ், பிபிடின்னு ரெண்டு பிளாஸ்டிக். ஏபிஎஸ் கொஞ்ச மாசத்துலயே விரல் எண்ணெய் பட்டு பளபளன்னு ஆகிடும், பிபிடி சொரசொரப்பா ரொம்ப நாள் இருக்கும். பிபிடி கூடவே வந்தா சந்தோஷம், வரலைன்னா அதுக்காக போர்டை ஒதுக்காதீங்க, அப்புறம் தனியா செட் வாங்கிக்கலாம். எழுத்து மேல பெயின்ட் அடிச்சதா இல்லாம, ரெண்டு பிளாஸ்டிக்கை சேர்த்து வார்த்த டபுள் ஷாட்டா இருந்தா எழுத்து அழியவே அழியாது. தமிழ் ஸ்டிக்கர் ஒட்டுற ஐடியா இருந்தா, பிபிடியோட சொரசொரப்புல ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கிட்டு வரும், அடியில இருந்து வர்ற லைட்டும் மறையும். ஸ்டிக்கர் காசுக்கு ஒரு பிரிண்ட் அவுட் எடுத்து மானிட்டர் அடியில ஒட்டி வச்சு பதினஞ்சு நாள் பழகுங்க, விரலே கத்துக்கும்.

ஸ்டெப் 6: எங்க, எவ்ளோவுக்கு

2000லருந்து 3000க்குள்ள ஹாட் ஸ்வாப் கிடைக்கிறது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, கிடைச்சாலும் அவுடெமு மட்டும் போற ரகமா இருக்க வாய்ப்பு அதிகம். காஸ்மிக் பைட், ரெட்ராகன், ஜெப்ரானிக்ஸ், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் எல்லாம் இந்த ஏரியாவுல சுத்தும். ரெட்ராகன் கே552 ரொம்ப வருஷமா ஓடுற 87 கீ மாடல், தட்டு தட்டுன்னு தட்டினாலும் அசையாது.

3500லருந்து 5000க்குள்ளதான் நல்ல சாப்பாடு. ராயல் க்லட்ஜோட ஹாட் ஸ்வாப் மாடல்கள், ஆஃபர்ல வந்தா ஔலா எஃப்75, அதுல 75 சதவீத சைஸ், வால்யூம் திருகுற நாப், வயர், ப்ளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மூணும் இருக்கும், பெட்டியில இருந்து எடுத்ததும் சத்தமும் நல்லா இருக்கும். எனக்கு கோடிங் வேலை, கீயை எல்லாம் என் இஷ்டத்துக்கு மாத்தணும்னு சொல்றவங்களா இருந்தா கீக்ரான் சி3 ப்ரோவைப் பாருங்க, 87 கீ, வயர்டு, க்யூஎம்கே சப்போர்ட் உண்டு. க்யூஎம்கேன்னா கீபோர்டுக்குள்ளயே ஓடுற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலா மாத்தினா எந்த கம்ப்யூட்டர்ல சொருகினாலும் அது அப்படியே இருக்கும். மாடல் பேரெல்லாம் ஆறு மாசத்துல பழசாகிடும், மேல சொன்ன ஸ்டெப்பை வச்சு புதுசையும் நீங்களே சலிச்சுக்கலாம்.

வெளிநாட்டு யூட்யூபர் “வெறும் 30 டாலர்”ங்கிறதை 85, 90ன்னு பெருக்கி கணக்கு போட்டு ஏங்காதீங்க. அவங்க அலிஎக்ஸ்பிரஸ்ல வாங்குறாங்க, அதை 2020 நவம்பர்லயே இங்க தடை பண்ணிட்டாங்க. இங்க வர்றது இம்போர்ட் ஆகி, 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறி, கடைக்காரர் லாபமும் சேர்ந்து வர்றது. அமேசான், ஃப்ளிப்கார்ட்டுல ஆடிக்கும் தீபாவளிக்கும் சேல் வரும்போது நல்ல விலை விழும். சுவிட்ச், கீகேப், க்ரீஸ் மாதிரி உதிரி சாமான்களுக்கு மெக்கீஸ், ஸ்டாக்ஸ்கேபின்னு கீபோர்டுக்கே தனியா இருக்கிற இந்திய கடைங்க இருக்கு. சுவிட்ச் டெஸ்டர்னு ஒண்ணு கிடைக்கும், ஒரு பலகையில நாலஞ்சு வித சுவிட்ச், ஒரு நாள் கையில வச்சு அமுக்கிட்டே இருந்தா எது உங்களுக்குன்னு தெரிஞ்சிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு கேட்டா, ஹாட் ஸ்வாப்னா தாராளமா. சால்டர் பண்ணதுன்னா, என் கதையைத் திரும்ப ஒரு தடவை படிங்க.

ஸ்டெப் 7: பெட்டி வந்ததும்

பிரிக்கும்போதே போன்ல வீடியோ எடுத்து வைங்க, ரிட்டர்ன் தகராறு வந்தா அதுதான் சாட்சி. சொருகினதும் ஏதாவது ஒரு கீபோர்டு டெஸ்ட் பண்ற சைட்டைத் திறந்து எல்லா கீயையும் அமுக்கிப் பாருங்க, இது எல்லாரும் பண்றதுதான். அதுக்கு அப்புறம் நோட்பேடைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் மெதுவா, பாதி அழுத்தம், முழு அழுத்தம்னு மாத்தி மாத்தி இருபது தடவை அடிங்க. இருபதுக்கு இருபத்தியொண்ணு விழுந்துச்சுன்னா அந்த சுவிட்ச் டபுளிங், அன்னைக்கே மாத்தக் கேளுங்க. போரிங்தான், அரை மணி நேரம் ஆகும், ஆனா ரிட்டர்ன் டைம் முடிஞ்சதுக்கு அப்புறம் கண்டுபிடிச்சு என்ன பண்றது.

ஸ்பேஸ் பாரை நடுவுல, இடது ஓரம், வலது ஓரம்னு மூணு இடத்துலயும் தட்டுங்க. ஓரத்துல தட்டினா கலகலன்னு சில்லறை குலுக்குற சத்தம் வந்தா அது ஸ்டெபிலைசர், நீளமான கீ சாயாம இருக்க அடியில வச்சிருக்கிற கம்பி. இந்த விலைக்கு இது சகஜம், ரிட்டர்ன் பண்ண வேணாம், வீட்டுலயே சரி பண்ணலாம். ஸ்பேஸ் பாரை ரெண்டு பக்கமும் சமமா பிடிச்சு நேரா மேல தூக்குங்க, கம்பியோட ரெண்டு முனையும் ஒரு குட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள போறது தெரியும். சிலிக்கான் க்ரீஸை பல்குத்தி முனையில கடுகளவு எடுத்து, அந்தக் கம்பி உள்ள போற இடத்துல தடவி, அந்தப் பிளாஸ்டிக்கை நாலஞ்சு தடவை மேல கீழ ஆட்டி விட்டு, திரும்ப மாட்டுங்க. அவ்ளோதான், கலகல போய் “தொப்”னு ஒரு சத்தம் வரும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் ஆயில் எல்லாம் விட்டுடாதீங்க, அது ஒழுகி பக்கத்து சுவிட்சுக்குள்ள போகும், அப்புறம் தூசியையும் பிடிச்சுக்கும்.

விண்டோஸ் கீ வேலை செய்யலைன்னா உடனே பதறாதீங்க, பல போர்டுல எஃப்என் கூட அதை அமுக்கினா லாக் ஆகும், திரும்ப அமுக்கினா வந்துடும்.

சுவிட்ச் மாத்தும்போது ஒண்ணே ஒண்ணு, சொருகுறதுக்கு முன்னாடி அடியில இருக்கிற ரெண்டு செம்புக் காலும் நேரா இருக்கான்னு கண்ணு கிட்ட வச்சு பாருங்க. கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் அமுக்கும்போது மடிஞ்சு அடியில படுத்துக்கும், மேல இருந்து பார்த்தா சரியா உட்கார்ந்த மாதிரிதான் தெரியும், எழுத்து மட்டும் வராது. எடுத்து, சின்ன இடுக்கியால நிமிர்த்தி, சாய்க்காம நேரா அமுக்குங்க. ரெண்டு தடவை வரைக்கும் நிமிரும், மூணாவது தடவை கால் ஒடிஞ்சிடும்.

வாங்கும்போதே அதே சுவிட்ச் கூடுதலா அஞ்சு சேர்த்து வாங்கி வைங்க, சில பெட்டியில ரெண்டு மூணு கூடவே வரும், குப்பையில போட்டுடாதீங்க. நான் கொறடையும் அதையும் ஒரு பழைய மாத்திரை டப்பாவுல போட்டு டிராயர்ல வச்சிருக்கேன். போன மாசம் ஒரு நாள் ‘ம’ ரெண்டு ரெண்டா விழ ஆரம்பிச்சு ‘அமைதி’ எல்லாம் ‘அம்மைதி’ன்னு வந்துச்சு. டப்பாவைத் திறந்து மாத்திட்டு, அதே வரியில இருந்து தொடர்ந்து அடிச்சேன், டீ கூட ஆறல.